மேலே ஏற ஏற மெலியும் சேதி

நம் ஊரில் சொல்வார்கள்: ஒருவன் கறுப்பாக வாந்தி எடுத்தான். அடுத்த வீட்டில் அது 'காக்கா மாதிரி கறுப்பா' ஆனது. தெருக்கோடிக்குப் போனபோது, அவன் காக்கா காக்காவாகவே வாந்தி எடுத்தான். தெருவில் சேதி நடக்க நடக்கக் கொழுக்கும். ஆபீஸில் நேர்மாறு. கீழே இருப்பவர் நிஜமாகவே ஒரு காக்காவைப் பார்த்திருப்பார். அது மேலதிகாரி மேசைக்குப் போய்ச் சேரும்போது 'நிறத்தில் சிறு மாற்றம், கவனித்து வருகிறோம்' என்று ஆகியிருக்கும்.

அக்கா மகன் சமீபத்தில்தான் டீம் லீடர் ஆனான். ஞாயிற்றுக்கிழமை வந்தவன், டீயைக் கையில் வாங்கியதும் புலம்ப ஆரம்பித்தான். "ஒவ்வொரு மீட்டிங் முடிவுலயும் யாருக்காவது எதாவது சொல்லணுமான்னு கேக்கறேன் மாமா. எல்லாரும் ஓகேங்கறாங்க. ரெண்டு வாரம் கழிச்சு வேலை முட்டிக்கிட்டு நிக்குது. அப்பவே தெரியும்னு சொல்றாங்க!"

'ஓகே சார்' என்பதற்கு நான் வேலை பார்த்த காலத்திலேயே மூன்று பொருள் இருந்தது: புரிந்தது, சம்மதம், ஆளை விடு. முகத்தைப் பார்த்தால் எது என்று பிடித்துவிடலாம். வாட்ஸப் குரூப்பில் கட்டைவிரல்தான் தெரியும்.

அவனுக்குக் கல்பனா சாவ்லா போன விண்கலத்தின் கதையைச் சொன்னேன். 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா கிளம்பியது. 82 விநாடியில், எரிபொருள் தொட்டியை மூடியிருந்த நுரைப் பொதியிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து இடது இறக்கையில் மோதியது. எடை முக்கால் கிலோதான். மோதிய வேகம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல். மறுநாளே வீடியோவில் பார்த்துவிட்டார்கள். ஆக, சேதி கிடைக்காமல் போகவில்லை.

ராட்னி ரோச்சா என்ற பொறியாளருக்கும் உடனிருந்தவர்களுக்கும் அடி எங்கே பட்டது என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. ராணுவத்தின் கேமராக்களால் இறக்கையைப் படம் எடுத்துத் தரச் சொல்லி, வெவ்வேறு வழியாக மூன்று கோரிக்கைகள் போயின. மேலே இருந்தவர்கள் கேட்ட கேள்வி, 'இது யார் கேட்டது?' முறைப்படி கேட்டவர் என்று யாரும் அகப்படவில்லை, கோரிக்கை ரத்தானது. 'எதற்குக் கேட்கிறார்கள்?' என்று ஒருவர் திருப்பிக் கேட்டிருந்தால் கதை வேறு திசையில் போயிருக்கலாம். (கலத்தில் இருந்த ஏழு பேரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.)

பொறியாளர்கள் கணக்குப் போட்டார்கள். அதை ஸ்லைடில் போட்டுக் காட்டினார்கள். அந்த ஒரு ஸ்லைடைப் பற்றி எட்வர்ட் டஃப்டி என்பவர் பிறகு விரிவாகவே எழுதினார். தலைப்பைப் படித்தால் சோதனைகள் நமக்குச் சாதகமாக இருக்கின்றன என்று தோன்றும். கீழே, பொடி எழுத்தில், புள்ளிக்குள் புள்ளியாக, கடைசி வரியில்தான் விஷயம்: சோதித்த நுரைத் துண்டு 3 கன அங்குலம், கணக்கில் எடுத்துக்கொண்ட துண்டு 1920. 640 மடங்கு! அதாவது அந்தச் சோதனையை நம்பி எதுவுமே சொல்ல முடியாது. இதைத் தலைப்பில் போட்டிருக்க வேண்டாமா? போட்டால் மேலே இருப்பவர் முகம் சுருங்கும். கெட்ட சேதியை வாழைப்பழத்தில் மாத்திரை மாதிரி வைத்துக் கொடுப்பது நமக்கும் பழக்கம்தானே. அவர் பழத்தை மட்டும் தின்றுவிட்டுப் போய்விடுகிறார்.

விண்கலம் பறந்த 16 நாளும் கூட வேண்டிய நிர்வாகக் குழு ஐந்தே முறை கூடியது. பிப்ரவரி 1, தரையிறங்கப் பதினாறு நிமிடம் இருக்கையில் டெக்சாஸ் வானில் கலம் சிதறியது. பிறகு ஜூலையில் அதே வேகத்தில் நுரையை இறக்கைப் பலகை மேல் அடித்துப் பார்த்தார்கள்: நாற்பது சென்டிமீட்டர் ஓட்டை.

"அந்த ராட்னி ஏன் மாமா கத்தலை?"

அதே கேள்வியைத் தொலைக்காட்சியிலும் கேட்டார்கள். 'நான் மிகக் கீழே இருக்கிறேன், நிர்வாகக் குழுவை நடத்திய அந்த அம்மா இங்கே' என்று ராட்னி தலைக்கு மேல் கையை உயர்த்திக் காட்டினார். எத்தனை அறிக்கை படித்தாலும் எனக்கு அந்தக் கைதான் நினைவில் நிற்கிறது. சேதி தாண்ட வேண்டிய உயரம் அவ்வளவு. மேலே இருப்பவர் குனிந்தால் ஒழிய அது குறையாது. குனிவது என்றால், கூட்டத்தைப் பார்த்து 'சந்தேகம் இருக்கா' என்று கேட்பதில்லை. ஒவ்வொருவரையும் பேர் சொல்லி, "இதுல உனக்கு எது உறுத்துது?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது. சின்னவரிடமிருந்து ஆரம்பிப்பது நல்லது; பெரியவர் பேசிவிட்டால் பிறகு எல்லாம் 'ஓகே சார்'தான்.

ராட்னி ஒரு மின்னஞ்சல் எழுதினார். படம் வேண்டாம் என்பது தவறான முடிவு, பொறுப்பின்மைக்குப் பக்கத்தில் வந்துவிட்ட முடிவு என்று சூடாகவே எழுதினார். பாதுகாப்பில்லை என்றால் சொல்லுங்கள் என்று சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்கிறோமே, நிலைமை அவ்வளவு மோசம் என்றும் எழுதினார். அச்செடுத்துச் சக ஊழியர் ஒருவரிடம் காட்டினார். அனுப்பவில்லை. படிநிலையைத் தாண்ட விரும்பவில்லை என்றார்.

மருமகன் டம்ளரைக் கீழே வைத்தான். "எங்க ஃப்ளோர்லயும் ஒரு போஸ்டர் இருக்கு மாமா," என்றான். "லிஃப்ட் பக்கத்துல."