கயிற்றைப் பிடி, மேலே போ: அமெரிக்காவின் குட்டிப் பனிச்சறுக்கு மேடுகள் எங்கே போயின?

பனிச்சறுக்கு என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? ஆல்ப்ஸ் மலை, கேபிள் கார், லட்சக்கணக்கில் செலவாகும் ஹாலிடே. ஆனால், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷைர் பக்கம் போய், அறுபது வயதைத் தாண்டிய ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் கதையே வேற.

ஊருக்குப் பின்னாடி ஒரு மாட்டுப் பண்ணை. அதில் ஒரு மேடு. மேட்டின் மேல் வரைக்கும் ஒரு கயிறு. ஸ்கூல் விட்டால் நேராக அங்கேதான். இருட்டினால் நாலு லைட் போடுவார்கள். வீட்டில் சாப்பிடக் கூப்பிடும்வரை சறுக்கல்தான்.

இப்படிப்பட்ட மேடுகள் நியூ இங்கிலாந்து பகுதியில் மட்டும் நூற்றுக்கணக்கில் இருந்தன. பெரும்பாலானவை இன்று காடு. ஒரு சில மட்டும் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கின்றன. இவ்வளவு மேடுகள் ஏன் மூடப்பட்டன? மிச்சம் இருப்பவை எப்படித் தாக்குப்பிடிக்கின்றன? இதனால் யாருக்கு நஷ்டம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல்ல, அது என்ன 'ரோப் டோ'?

பனிச்சறுக்கில் கீழே வருவது ஜாலி. மேலே ஏறுவதுதான் தலைவலி. லிஃப்ட் வருவதற்கு முன்னால், ஒரு முறை சறுக்க வேண்டும் என்றால் கனமான ஸ்கீ கட்டைகளோடு மேடு முழுக்க நடந்தே ஏற வேண்டும். ஒரு நாளில் சில முறைதான் சறுக்க முடியும்.

1934 ஜனவரியில் வெர்மான்ட்டின் உட்ஸ்டாக் ஊரில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அங்கே விடுதி நடத்திவந்த ராய்ஸ் தம்பதி, கில்பர்ட் என்ற விவசாயியின் மேய்ச்சல் நிலத்தில் நீளமான ஒரு கயிற்றை வளையமாகக் கட்டினார்கள். அதைச் சுற்றவைத்தது ஒரு ஃபோர்டு மாடல் டி காரின் இன்ஜின். ஓடும் கயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டால் போதும், அது உங்களை மேலே இழுத்துக்கொண்டு போய்விடும். அமெரிக்காவின் முதல் ரோப் டோ இதுதான். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் அதற்குச் சற்று முன்பே இதே யுக்தி வந்துவிட்டது.

சிம்பிளா சொன்னா, ஒரு பழைய கார், சில கப்பிகள், ஒரு கயிறு, ஒரு மேடு. இவ்வளவு இருந்தால் யார் வேண்டுமானாலும் ஒரு பனிச்சறுக்கு தளம் திறக்கலாம். திறந்தார்கள். விவசாயிகள், பள்ளிகள், சர்ச்சுகள், ஊர் கிளப்கள் என ஆளாளுக்கு ஒரு கயிறு கட்டினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இது இன்னும் வேகமெடுத்தது.

அப்படி என்ன இனிமையான நினைவு?

அந்தத் தலைமுறை இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், முதலில் வருவது கையுறைதான். ஓடும் கயிற்றைச் சட்டென்று பிடிக்கக் கூடாது. பிடித்தால் தோள்பட்டையே கழன்றுவிடும் போல இழுக்கும். கயிற்றை விரல்களுக்கு நடுவே வழுக்கவிட்டு, மெதுவாக இறுக்க வேண்டும். அதில் கம்பளிக் கையுறை சீக்கிரமே கிழியும். அதனால், அதன் மேல் இன்னொரு தோல் உறை போட்டு அனுப்புவார்கள் அம்மாக்கள்.

அடுத்தது கயிற்றின் கனம். பனியில் நனைந்தால் அது இன்னும் கனக்கும், நடுவில் தொய்ந்து தரையைத் தொடும். ஏழு வயதுப் பிள்ளையால் அதைத் தூக்கிப் பிடிக்க முடியாது. என்ன செய்வது? ஒரு பெரியவர் வரும்வரை காத்திருந்து, அவருக்குப் பின்னால் தொற்றிக்கொள்ள வேண்டும். முன்னால் போகிறவர் கயிற்றைத் தூக்கிப் பிடிப்பதால் பின்னால் வரும் பொடிசுக்குச் சுமை குறையும். அந்தப் பெரியவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரராகவோ ஸ்கூல் வாத்தியாராகவோ இருப்பார்.

கீழே ஒரு சின்ன மரக்குடில். நடுவில் விறகு அடுப்பு. அதைச் சுற்றிக் காயப்போட்ட ஈரக் கையுறைகள், அந்தக் கம்பளி வாடை. வீட்டில் கட்டிக்கொடுத்த சாண்ட்விச், ஒரு கப் சூடான சாக்லெட். ஸ்கீ கட்டை அண்ணனுக்கு வாங்கியது, அக்காவிடம் வந்து, இப்போது கடைக்குட்டியிடம். டிக்கெட் கொடுப்பது ஒரு அம்மா, இன்ஜினை ஓட்டுவது ஒரு அப்பா, யாராவது விழுந்தால் ஓடிவருவது இன்னொரு அப்பா.

இந்த நினைவுகள் எதிலுமே மலையின் அழகோ உயரமோ பெரிதாக வராது. பக்கத்திலேயே இருந்தது, காசு அதிகம் ஆகவில்லை, எல்லோரும் தெரிந்த முகம், அதனால் பெற்றோர் பிள்ளைகளைத் தனியாக விட்டார்கள். இந்த நாலும்தான் திரும்பத் திரும்ப வரும். பின்னாளில் முதலில் காணாமல் போனதும் இதே நாலுதான்.

குட்டி மேட்டிலிருந்து ஒலிம்பிக்குக்கு

'அது சும்மா பிள்ளைகள் விளையாடிய இடம்தானே' என்று நினைக்கலாம். ஆனால், பதக்கப் பட்டியல் வேறு ஒன்றைச் சொல்கிறது.

வெர்மான்ட்டின் ரிச்மண்ட் ஊரில் மிக்கி காக்ரன் என்ற இன்ஜினீயர், 1961இல் தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவில் ஒரு ரோப் டோ கட்டினார். அவருக்கும் மனைவி ஜின்னிக்கும் நான்கு பிள்ளைகள். ஸ்கூல் முடிந்து வந்து பயிற்சி செய்ய ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான் திட்டம். ஊர்ப் பிள்ளைகளும் வர ஆரம்பித்தார்கள்.

அந்த நான்கு பிள்ளைகளுமே அமெரிக்க அணிக்காக ஒலிம்பிக் போனார்கள். அவர்களில் பார்பரா ஆன் காக்ரன், 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் ஸ்லாலம் பிரிவில் தங்கம் வென்றார். வித்தியாசம் வெறும் 0.02 விநாடி. சரியாக 50 ஆண்டுகள் கழித்து, 2022 பெய்ஜிங்கில் அவருடைய தங்கை லிண்டியின் மகன் ரயன் காக்ரன்-சீகல் சூப்பர்-ஜி பிரிவில் வெள்ளி வென்றார். அவரும் சறுக்கக் கற்றுக்கொண்டது தாத்தாவின் அதே மேட்டில்தான்.

இன்னொரு உதாரணம், லிண்ட்சி வான். 2010 வான்கூவரில் டவுன்ஹில் தங்கம் வென்ற சூப்பர் ஸ்டார். அவர் வளர்ந்தது மின்னசோட்டா மாநிலத்தின் பக் ஹில்லில். அந்த மேட்டின் உயரம் சுமார் 95 மீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு 30 மாடிக் கட்டடம். பக்கத்திலேயே ஹைவே ஓடும். அங்கே எரிக் செய்லர் என்ற ஆஸ்திரியப் பயிற்சியாளர் பிள்ளைகளை வளர்த்தெடுத்தார்.

இது எப்படி சாத்தியம்? கணக்கு எளிது. பெரிய மலையில் ஒரு முறை சறுக்கிவிட்டு, லிஃப்ட்டில் நீண்ட நேரம் உட்கார்ந்து மேலே போக வேண்டும். குட்டி மேட்டில் சில விநாடிகளில் கீழே, உடனே கயிற்றைப் பிடித்து மேலே. ஒரே மாலையில் ஒரே வளைவை எத்தனையோ முறை திரும்பத் திரும்பச் செய்து பார்க்கலாம். தெருமுனை கிரவுண்டில் தினமும் ஆடுகிற பையனுக்கும், மாதம் ஒருமுறை ஸ்டேடியம் போகிற பையனுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

பிறகு ஏன் மூடினார்கள்?

ஒரே காரணம் என்று சொல்ல முடியாது. 1970களில் பல அடிகள் அடுத்தடுத்து விழுந்தன.

பனி ஏமாற்றியது: பனியே சரியாக விழாத சில குளிர்காலங்கள் வந்தன. பெரிய ரிசார்ட்டுகள் தண்ணீரையும் அழுத்தப்பட்ட காற்றையும் பீய்ச்சிச் செயற்கைப் பனி செய்து சமாளித்தன. அந்த பம்ப், குழாய், கம்ப்ரசர் செலவைத் தன்னார்வலர்கள் நடத்தும் மேடு தாங்காது.

பெட்ரோல்: 1973இன் எண்ணெய் நெருக்கடியில் கார் பயணம் குறைந்தது, இன்ஜின் ஓட்டும் செலவு கூடியது.

ஹைவே: புதிய நெடுஞ்சாலைகள் வந்ததால், பெரிய மலைக்குப் போவது சுலபமானது. கையில் காசு இருந்த குடும்பங்கள் உள்ளூர் மேட்டைத் தாண்டிப் போக ஆரம்பித்தன.

இன்ஷூரன்ஸ்: வெர்மான்ட்டின் ஒரு பெரிய ரிசார்ட்டில் விழுந்து முடங்கிப்போன ஒருவருக்கு 15 லட்சம் டாலர் இழப்பீடு தர வேண்டும் என 1977இல் தீர்ப்பு வந்தது. இன்ஷூரன்ஸ் கட்டணம் எகிறியது. சறுக்குபவரே ஏற்க வேண்டிய ஆபத்துகளும் உண்டு என்று வெர்மான்ட் அடுத்த ஆண்டே சட்டம் போட்டது. ஆனால், பிரீமியம் கட்ட முடியாமல் தவித்த சின்ன இடங்களுக்கு அது பெரிதாக உதவவில்லை.

இதோடு ஆள் பிரச்சினையும் இருந்தது. இன்ஜினை ஓட்டிய அப்பாவுக்கு வயதாகிவிட்டது. அவருடைய பிள்ளைகள் வேலைக்காக வெளியூர் போய்விட்டார்கள். பல மேடுகள் எந்த அறிவிப்பும் இல்லாமல், ஒரு சீசனில் திறக்கப்படாமலேயே போயின.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்கா முழுக்க 700க்கும் மேற்பட்ட பனிச்சறுக்கு தளங்கள் இருந்தன. இன்று 500க்கும் குறைவு. ஜெரெமி டேவிஸ் என்ற வானிலை ஆய்வாளர், மூடப்பட்ட தளங்களை ஆவணப்படுத்தும் வேலையை 1998இல் தொடங்கினார். நியூ இங்கிலாந்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. காட்டுக்குள் துருப்பிடித்த ஒரு கார் இன்ஜின், மரத்தில் ஆணியடித்த ஒரு கப்பி, சுற்றியுள்ள மரங்களைவிட இளசாக ஒரே உயரத்தில் வளர்ந்த மரங்களின் வரிசை. பழைய சறுக்குப் பாதையை இன்று இப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

சரி, மூடினால் என்ன நஷ்டம்?

விளையாட்டு அழிந்துவிட்டதா என்றால், இல்லை. 2022-23 சீசனில் அமெரிக்கத் தளங்களுக்கு வந்தவர்களின் வருகைக் கணக்கு சுமார் 6.5 கோடி. அதுவரை இல்லாத ரெக்கார்டு. கூட்டம் குறையவில்லை. ஆனால், அது சில பெரிய மலைகளில் போய்க் குவிகிறது.

அந்த மலைகளின் விலை? கொலராடோவின் வெய்ல் போன்ற இடங்களில், பீக் சீசனில் கவுன்டரில் ஒரு நாள் டிக்கெட் 300 டாலரைத் தாண்டிவிட்டது. இந்திய மதிப்பில் 25,000 ரூபாய்க்கும் மேல். முன்கூட்டியே சீசன் பாஸ் வாங்கினால் மலிவு. ஆனால், அது அடிக்கடி போகப்போவது தெரிந்தவர்களுக்குத்தான் லாபம். 'பிள்ளைக்குப் பிடிக்குமான்னு ஒரு தடவை பார்ப்போமே' என்று நினைக்கும் குடும்பத்துக்கு அந்த வழி எட்டாது.

நஷ்டம் இங்கேதான். உள்ளூர் மேடு மூடப்பட்டால், ஏற்கெனவே சறுக்கத் தெரிந்தவர்கள் வேறு மலைக்குப் போய்விடுவார்கள். மெக்கானிக் வீட்டுப் பிள்ளையும் மளிகைக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளையும் ஆரம்பிக்கவே மாட்டார்கள். மிக்கி காக்ரனோ கோடீஸ்வரர் இல்லை, சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்.

தாக்குப்பிடிப்பவர்கள் என்ன செய்கிறார்கள்?

மிஞ்சிய சில மேடுகளுக்கு ஒரு பொதுவான அம்சம் உண்டு. அவை லாபத்துக்காக நடப்பதில்லை.

காக்ரன் குடும்பத்தின் மேடு 1990களின் இறுதியில் லாப நோக்கற்ற அமைப்பாக மாறியது. காசில்லை என்பதற்காக எந்தப் பிள்ளையும் திரும்பிப் போகக் கூடாது என்பது அதன் கொள்கை. வெர்மான்ட்டின் ஈஸ்ட் காரிந்த் கிராமத்தில் இருக்கும் நார்த்ஈஸ்ட் ஸ்லோப்ஸ், 1936இலிருந்து ஓடுகிறது. நடத்துவது ஊர்த் தன்னார்வலர்கள். சற்றுப் பெரிய மேட் ரிவர் க்ளென் மலையை 1995இல் சறுக்க வருபவர்களே பங்கு போட்டு வாங்கிக் கூட்டுறவாக்கினார்கள்.

மிக ஆச்சரியமானது அஸ்கட்னி மலையின் கதை. அங்கே இருந்தது ஒரு பெரிய ரிசார்ட். 2010இல் நொடித்து மூடப்பட்டது, லிஃப்ட்டைக்கூடக் கழற்றி விற்றுவிட்டார்கள். கீழே இருந்த ஊர் களையிழந்தது. பிறகு ஊர் மக்களே வாக்களித்து, ஓர் அறக்கட்டளையின் உதவியோடு 2015இல் அந்த நிலத்தை வாங்கினார்கள். பழைய ரிசார்ட்டை அப்படியே மீட்க முயலவில்லை. சரிவின் கீழ்ப்பகுதியில் மட்டும் ஒரு ரோப் டோவும், பின்னர் ஆட்களைச் சறுக்கியபடியே இழுத்துச்செல்லும் ஒரு டி-பாரும் வைத்தார்கள். மீதி மலையில் சைக்கிள் பாதை, நடைபாதை. பிள்ளைகள் மறுபடியும் ஸ்கூல் முடிந்து வருகிறார்கள்.

இனி என்ன?

எல்லா மேட்டையும் இப்படிக் காப்பாற்ற முடியாது. குளிர்காலம் சூடாகிக்கொண்டே வருகிறது. உயரம் குறைந்த இடங்களில்தான் பனி முதலில் மழையாக மாறும். செயற்கைப் பனிக்கும் உறைநிலைக் குளிர் வேண்டும். தன்னார்வலர்கள் எவ்வளவு பேர் வந்தாலும் அதை மாற்ற முடியாது.

ஆனாலும் ரோப் டோவுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. கோடிக்கணக்கில் முதலீடு போட்ட ரிசார்ட் ஒரு சீசன் முழுக்க ஓடியாக வேண்டும். கயிறு கட்டிய மேட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பனி விழுந்தால் திறக்கலாம், இல்லாவிட்டால் காத்திருக்கலாம். இன்ஜினை ஸ்டார்ட் செய்ய ஊரில் யாராவது ஒருவர் இருந்தால் போதும்.