கடைப் பெயர்ப் பலகைக்கு நீடித்து உழைக்கும் பொருள்

சிறு வணிகர் ஒருவர் கடை திறக்க முற்படும்போது முன்பணம், சரக்கு, அலமாரி, தராசு ஆகிய அனைத்திற்கும் முறையாகக் கணக்கிடுகிறார். பெயர்ப் பலகைக்கு மட்டும் கணக்கு இருப்பதில்லை. எஞ்சிய தொகையில் அது முடிக்கப்படுகிறது. கடையின் தளவாடங்களுள் ஆண்டு முழுவதும் வெயிலிலும் மழையிலும் நிற்பது அது ஒன்றே என்பது அப்போது நினைவுக்கு வருவதில்லை. 2015 ஏப்ரலில் தொடங்கப்பெற்ற முத்ரா திட்டத்தின் 'சிசு' பிரிவில் ஒருவர் பெறக்கூடிய கடனின் உச்சவரம்பு 50,000 ரூபாய். அந்த அளவு முதலீட்டில் நடைபெறும் கடைக்கு, ஈராண்டுக்கு ஒரு முறை பலகையை மாற்றுவது சிறு செலவன்று.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு பலகையின் விலை 3,000 ரூபாய், பொருத்துகூலி 1,000 ரூபாய், ஆயுள் ஈராண்டு என்றால் பத்தாண்டுகளில் அதற்கு ஆகும் செலவு 20,000 ரூபாய். மற்றொன்றின் விலை 10,000 ரூபாய், அதே பொருத்துகூலி, இடையில் ஒரு முறை 2,000 ரூபாய்க்கு எழுத்துகளைப் புதுப்பித்தால் பத்தாண்டு நிற்கும் என்றால் மொத்தச் செலவு 13,000 ரூபாய். கடைத் தெருவில் முதல் பலகைதான் 'மலிவானது' எனப்படுகிறது. பலகையின் விலையை அது தெளிவாகப் படிக்கத்தக்கதாக நிற்கும் ஆண்டுகளால் வகுத்துப் பார்ப்பதே சரியான முறையாகும். அந்த ஆண்டுகளின் எண்ணிக்கையோ பொருளை மட்டுமன்றி ஊரையும் பொறுத்தது.

வெயிலும் வண்ணமும்

கதிரவன் ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் நிறமியின் மூலக்கூறுகளையும், நிறமியைப் பிணைத்து நிற்கும் பிசினையும் ஒருசேரச் சிதைக்கின்றன. பழைய பலகைகளில் சிவப்பு எழுத்துகள் வெளிறி மறைந்திருக்க, நீலமும் கருப்பும் தெளிவாக நிற்பதை எவரும் காணலாம். கரியினால் ஆன கருப்பும், இரும்பு ஆக்சைடினால் ஆன காவியும் எளிதில் வெளிறுவதில்லை. பளபளப்பான சிவப்பு, மஞ்சள் நிறங்களைத் தரும் மலிவான கரிம நிறமிகளே முதலில் அழிகின்றன. எனினும் கடையின் பெயரைச் சிவப்பில் எழுதச் செய்வதில் நம் வணிகர்களுக்கு உள்ள விருப்பம் குறைந்ததாகத் தெரியவில்லை.

வெள்ளையிலும் வேறுபாடு உண்டு. டைட்டானியம் டையாக்சைடு என்னும் வெண்ணிறமி அனடேஸ், ரூட்டைல் என இரு வடிவங்களில் கிடைக்கிறது. அனடேஸ் வெண்மை வெயிலில் தன்னைச் சுற்றியுள்ள பிசினை விரைவாகச் சிதைப்பதால், தொட்டால் சுண்ணாம்புப் பொடி போலக் கையில் ஒட்டும். அது சுவரின் உட்புறத்திற்கு ஏற்றது. வெளிப்புறத்திற்கு ரூட்டைல் வகையே வேண்டும். கேரளக் கடற்கரை மணலிலுள்ள இல்மனைட்டுக்குப் பெயர்பெற்ற அம்மாநிலத்தில், திருவனந்தபுரத்தின் திருவாங்கூர் டைட்டானியம் ஆலை முதல் வகைக்கும், சவறாவிலுள்ள ஆலை இரண்டாம் வகைக்கும் அறியப்பட்டவை. வண்ணம் வாங்கும்போது 'வெளிப்புறத்திற்கானது' என்று டப்பாவின் மீது அச்சிடப்பட்டுள்ளதா எனப் பார்த்தால் போதும். ஈயம் கலந்த வண்ணங்களையும் தவிர்த்தல் வேண்டும். 2016-இல் வெளியிடப்பட்ட விதிகள், வீட்டு உபயோக மற்றும் அலங்கார வண்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என வரையறுத்துள்ளன.

ஊருக்கு ஏற்ற உலோகம்

தகரப் பலகை எனப் பொதுவாக வழங்குவது, துத்தநாகம் பூசிய இரும்புத் தகடாகும், கடைகளில் ஜி.ஐ. தகடு என்பர். இரும்பைக் காப்பது அத்துத்தநாகப் பூச்சே. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 277 இப்பூச்சைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என இருபக்கமும் சேர்த்து வகைப்படுத்துகிறது. 275 கிராம் வகையில் ஒரு பக்கத்துப் பூச்சின் கனம் ஏறத்தாழ 19 மைக்ரான். 120 கிராம் வகையில் 8 மைக்ரான் அளவே. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே தோன்றும்.

இந்த 19 மைக்ரான் எத்தனை ஆண்டுகள் நிற்கும்? ஐ.எஸ்.ஓ. 9223 என்னும் பன்னாட்டுத் தர நிர்ணயத்தின்படி, தூய்மையான உள்நாட்டுக் காற்றில் துத்தநாகம் ஆண்டுக்கு 0.7 மைக்ரானுக்கு மேல் கரைவதில்லை. உப்புக் காற்று மிகுந்த கடற்கரையிலோ 4 முதல் 8 மைக்ரான் வரை கரையக்கூடும். ஆகவே, நாகபுரியில் கால் நூற்றாண்டு தாங்கக்கூடிய அதே தகடு, பூரியிலோ வேராவலிலோ அலையோரத் தெருவில் வண்ணக் காப்பின்றி நின்றால் ஐந்தாண்டுகளுக்குள் துருவைக் காட்டத் தொடங்கும். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளைத் திறந்த வெளியில் நிறுத்தி இத்தகைய அரிமானத்தை அளந்து வந்துள்ளது.

கடலோர ஊர்களுக்கு அலுமினியத் தகடு மேலானது. துருப்பிடிக்காத எஃகில் எழுத்துகளை வெட்டிப் பொருத்துவதாயின், மாலிப்டினம் 2 முதல் 3 விழுக்காடு வரை சேர்ந்த 316 வகையே அங்குத் தாங்கும். நிக்கல் குறைந்த 202 வகை, உப்புக் காற்றில் விரைவிலேயே பழுப்புக் கறையை வடிக்கும். விலைப்பட்டியலில் 'எஸ்.எஸ்.' என்று மட்டும் எழுதித் தருவதை ஏற்றுக்கொள்ளலாகாது.

எனாமல் பலகை தனி இனம். இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடித் தூளைப் பூசி, ஏறத்தாழ 800 பாகை செல்சியசு வெப்பத்தில் உருக்கிப் படியச் செய்வது அது. நிறம் கண்ணாடியினுள்ளேயே அடங்கியிருப்பதால் வெயில் அதனை ஒன்றும் செய்வதில்லை. விடுதலைக்கு முன் பதிக்கப்பட்ட எனாமல் பலகைகளைப் பழம்பொருள் திரட்டுவோர் இன்றும் நிறம் மாறாமல் பெறுகின்றனர். கல்லடி பட்டுச் சில்லு பெயர்ந்த இடத்தில் மட்டுமே துரு நுழையும். ஒரே ஒரு கடைக்காக ஒன்றே ஒன்று செய்விப்பது செலவு மிக்கதாதலால் சிறு வணிகருக்கு இது எட்டுவது அரிது. தெருப் பெயர்களுக்கும் கதவு எண்களுக்கும் நகராட்சிகள் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

பிளெக்சும் பிற பிளாஸ்டிக்குகளும்

பாலியெஸ்டர் நெசவின் மேல் பி.வி.சி. பூசப்பட்ட துணியே பிளெக்ஸ். பி.வி.சி. இயல்பில் விறைப்பானது, அதனை வளையச் செய்வதற்காகச் சேர்க்கப்படும் நெகிழ்வூட்டிகள் வெயிலில் மெல்ல வெளியேறிவிடுகின்றன. பின்னர்த் துணி வெடிக்கிறது. அச்சு மையும் வெளிறுகிறது. கிழிந்ததை மறுசுழற்சி செய்வதும் கடினம். 100 மைக்ரானுக்கும் குறைந்த கனமுள்ள பிளாஸ்டிக், பி.வி.சி. பதாகைகள் 2022 சூலை 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளன. ஒரு வார விழாவிற்கு ஏற்ற பொருளை நிரந்தரப் பெயருக்குப் பயன்படுத்தியதே இங்கு நேர்ந்த தவறு. அதன் வரவால், கையால் எழுதும் ஓவியர்களின் தொழிலும் ஊருக்கு ஊர் குன்றியது. பழுதான எழுத்தை மட்டும் திருத்தித் தரக்கூடியவர் அவரே என்பதால், இவ்விழப்பு வணிகருக்கும் உரியது.

ஒளிவிடும் பலகைகளுக்கு அக்ரிலிக் சிறந்தது. ஆண்டுகள் பல சென்றாலும் பெரிதும் மஞ்சளிப்பதில்லை. ஆனால் வெப்பத்தில் மிக விரிவடையும். 40 பாகை வெப்ப வேறுபாட்டில் மூன்று மீட்டர் நீள அக்ரிலிக் பலகை ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் நீளும். அதனைத் தாங்கும் இரும்புச் சட்டகம் ஒன்றரை மில்லிமீட்டரே நீளும். ஆகவே திருகாணிக்குரிய துளையைப் பெரிதாக இட்டு, இறுக்காமல் விடவேண்டும். துளையிலிருந்து தொடங்கும் விரிசல்களுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இரு அலுமினியத் தாள்களுக்கிடையே பிளாஸ்டிக் அடைத்த கூட்டுத் தகடுகளும் இப்போது பரவலாயுள்ளன. அவற்றுள் பாலிஎத்திலீன் அடைத்தவை எளிதில் எரிபவை. 2017 சூனில் இலண்டன் கிரென்ஃபெல் கட்டடத்தில் தீ வேகமாகப் பரவி 72 பேர் மடிந்ததற்கு இத்தகைய மேற்பூச்சுத் தகடுகள் முக்கியக் காரணமாயின. மின்கம்பிகள் செல்லும் பலகைக்குத் தீத் தடுப்பு வகையைக் கேட்டு வாங்குவதே தக்கது.

கண்ணாடி முகப்பு

கடையின் முகப்புக் கண்ணாடியில் எழுதுவோர், எழுத்தை வெளிப்புறத்தில் ஒட்டுவதே வழக்கமாயுள்ளது. உட்புறத்தில் இடவலம் மாற்றி எழுதினாலோ ஒட்டினாலோ, மழையும் துடைப்பும் அதனைத் தொடா. புற ஊதாக் கதிர்களில் மிகக் கடுமையான பகுதியைக் கண்ணாடியே தடுத்துவிடும். வெளியில்தான் ஒட்டவேண்டும் என்றால் வினைல் தாளின் வகையைப் பார்க்கவேண்டும். உருளைகளிடையே அழுத்தித் தேய்த்துச் செய்யப்படும் மலிவான தாள், நாளடைவில் சுருங்கி ஓரங்களில் பசையைக் காட்டும். வார்த்துச் செய்யப்படும் தாள் சுருங்குவதில்லை. அதன் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும். மேற்கு நோக்கிய பெரிய கண்ணாடியில் பாதியைக் கருந்தாளால் மூடுவது ஆபத்தானது. மூடிய பகுதி மிகச் சூடேற, சட்டகத்துள் மறைந்த விளிம்பு குளிர்ந்திருக்க, கண்ணாடி தானே வெடிக்கக்கூடும்.

காற்றும் பிடிமானமும்

பொருள் எத்துணை உறுதியானதாயினும் பலகை நிற்பது அதன் பிடிமானத்தால். ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி, நாட்டைக் காற்றின் வேகத்திற்கேற்ப நொடிக்கு 33 முதல் 55 மீட்டர் வரையிலான மண்டலங்களாகப் பிரிக்கிறது. பெங்களூருக்கு 33, சென்னைக்கும் கொல்கத்தாவிற்கும் 50. நொடிக்கு 50 மீட்டர் வேகக் காற்று, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ எடைக்கு நிகராக அழுத்தும். மூன்று மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் உயரமும் கொண்ட சாதாரணக் கடைப் பலகைக்கு அது 450 கிலோ. மரமுளையில் அறைந்த நான்கு ஆணிகள் இதனைத் தாங்கா. 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் புழுதிக் காற்றில் பெரும் விளம்பரப் பலகை பெட்ரோல் நிலையத்தின் மீது சரிந்து 17 உயிர்களைப் பறித்தது. கடைப் பலகை அளவில் மிகச் சிறியதே. ஆயினும் அது தொங்குவது நடைபாதையின் நேர் மேலே.

அலுமினியத் தகட்டை இரும்புத் திருகாணியால் இறுக்கினால், ஈரம் படும்போது இரு உலோகங்களுக்கிடையே மின்வேதி அரிமானம் ஏற்படும். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியும் நைலான் வளையமும் இட்டால் இது பெருமளவு தவிர்க்கப்படும். கூடுதல் செலவு மிகச் சிறிது. தகட்டின் வெட்டிய விளிம்புகளுக்கும் துளைகளுக்கும் தனியே அடிப்பூச்சு இடவேண்டும். துரு முதலில் தலைகாட்டும் இடங்கள் அவையே. ஒட்டுப்பலகை பயன்படுத்துவோர் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள நீர் தாங்கும் வகையை வாங்கி, விளிம்புகளை நன்கு அடைத்துப் பூசவேண்டும். பலகையின் அடியில் நீர் வடிய இரண்டு சிறு துளைகள் தேவை.

பலகை செய்விப்போர், தகட்டின் கனம், துத்தநாகப் பூச்சின் கிராம் அளவு, எஃகின் வகை எண், வினைல் தாளின் வகை, வண்ணத்தின் பெயர் ஆகியவற்றை விலைச்சீட்டிலேயே எழுதி வாங்குதல் நலம். பருவமழைக்கு முன் ஏணி வைத்து ஏறி, போல்ட்டுகளை இறுக்கி, துரு தோன்றிய இடத்தைச் சுரண்டிப் பூச அரை நாள் வேலை போதும்.