பண்டிகைக்கு முன்னால் நாலு வாரம்

பாளையங்கோட்டையில் நவம்பர் கடைசியில் யார் வீட்டு மாடியிலாவது முதல் நட்சத்திரம் ஏறிவிட்டால், அன்றிலிருந்தே விசாரிப்பு தொடங்கிவிடும். "துணி எடுத்தாச்சா?", "பலகாரம் எப்ப சுடுதீங்க?", "மருமகனுக்கு என்ன செய்யுதீங்க?" கேட்பவர்கள் அன்போடுதான் கேட்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு கேள்வியும் நம் தலையில் ஒரு வேலையை ஏற்றிவிட்டுப் போகும். என்னைப் போன்ற பள்ளிக்கூட ஆசிரியைகளுக்கு டிசம்பர் என்றால் அரையாண்டுத் தேர்வு. திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு மேஜையில் கிடக்கும். ஊறவைத்த அரிசி அடுப்படியில் காத்திருக்கும். வெள்ளையடிப்பு, குடில், ஞாயிறு பள்ளி நாடகத்துக்குத் தேவதூதன் உடுப்பு, கோயிலில் பாட்டுப் பயிற்சி, மகளுக்குத் தலைக் கிறிஸ்துமஸ் என்றால் அதற்கான சீர், அதற்காக அடகுக்குப் போகும் வளையல். இத்தனையும் முடித்து, 25-ஆம் தேதி விடியுமுன் ஆராதனைக்குப் போய் வந்து, மதியம் பிரியாணி பரிமாறி முடிக்கும்போது வீட்டுப் பெண்களுக்கு உட்காரக்கூடத் தெம்பு இருக்காது.

இந்தக் களைப்புக்கு வயதையோ உடம்பையோ குறை சொல்வது சரியில்லை. திருச்சபை நாட்காட்டி வைத்திருந்த வரிசையை நாம் தலைகீழாக்கிவிட்டோம் என்பதுதான் என் எண்ணம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்டது அட்வெந்து காலம். கத்தோலிக்கர்கள் திருவருகைக் காலம் என்பார்கள். நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையே வரும் ஞாயிறு அதன் தொடக்கம். காத்திருப்பதற்காகவே ஒதுக்கப்பட்ட காலம் அது. 6-ஆம் நூற்றாண்டில், இன்றைய பிரான்ஸ் இருக்கும் பகுதியில், நவம்பர் 11-லிருந்து கிறிஸ்துமஸ் வரை வாரத்தில் மூன்று நாள் நோன்பு இருந்திருக்கிறார்கள். பலிபீடத்தில் இன்றும் ஊதா நிறத் துணி விரிப்பது அந்த நோன்புக் காலத்தின் மிச்சம்தான். கொண்டாட்டம் 25-ஆம் தேதி ஆரம்பித்து, பன்னிரண்டு நாள் நடந்து, ஜனவரி 6-ஆம் தேதி ஞானிகள் வந்த திருநாளில் போய் நிற்கும். முதலில் அமைதி, பிறகு விருந்து. நாம் விருந்தை நவம்பரிலேயே தொடங்கி 25-ஆம் தேதி மதியத்தோடு முடித்துவிடுகிறோம்.

எங்கள் வீட்டில் அந்த நான்கு வாரங்களை மெல்ல மீட்டெடுத்தோம். புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. சாயங்காலக் குடும்ப ஜெபம் தலைமுறைகளாக இருப்பதுதான். அட்வெந்தில் மட்டும் அதற்கு முன்னால் டி.வி.யையும் போனையும் அணைத்துவிட்டு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். அடுத்தடுத்த வாரங்களில் இரண்டு, மூன்று, நான்கு. ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு விடுதி நடத்திய யோஹான் வீகெர்ன் என்ற போதகர், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று கேட்டு நச்சரித்த பிள்ளைகளுக்காக 1839-இல் வண்டிச் சக்கரம் ஒன்றில் மெழுகுவர்த்திகளை வரிசையாக நட்டு, நாளுக்கு ஒன்றாக ஏற்றிக் காட்டினார். நான்கு மெழுகுவர்த்தி வளையம் அதிலிருந்து வந்தது. பொறுமையில்லாத பிள்ளைகளுக்காகப் பிறந்த பழக்கம் என்பதாலேயே எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

பிறகு ஒரு கீர்த்தனை, கீபோர்டு இல்லாமல், மெதுவாக. திருநெல்வேலியில் 1774-இல் பிறந்த வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்களைக் கோயிலில் இப்போது தாளப்பெட்டி வேகத்துக்கு ஓட்டுகிறார்கள். வீட்டில் நிறுத்தி, இழுத்துப் பாடினால் ஒவ்வொரு அடிக்கும் மூச்சு நீளமாக வெளியே போகும். மூச்சு உள்ளே வரும்போது இதயத்துடிப்பு சற்று ஏறுவதும், வெளியே போகும்போது இறங்குவதும் உடம்பின் இயல்பு. வெளிமூச்சு நீளும்போது துடிப்பு தணிகிறது, தோள்பட்டை தளர்கிறது. விடைத்தாள் திருத்திவிட்டு வந்து உட்கார்ந்து, இரண்டாவது சரணம் தாண்டுவதற்குள் எனக்கு அது தெரிந்துவிடும்.

இன்னொரு பழக்கம் கத்தோலிக்கத் தோழி ஒருவர் சொல்லித் தந்தது. இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் தம் ஆன்மப் பயிற்சிகளில் வைத்திருக்கும் ஆன்ம சோதனை. அந்த நூல் 1548-இல் அச்சானது. படுக்கப்போகும் முன், காலையிலிருந்து நடந்ததை ஒவ்வொன்றாக மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். முதலில் நன்றி, அதன் பிறகுதான் குறை. நான் ஒரு பழைய நோட்டில் இரண்டே கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். இன்றைக்கு யாரால் என் மனசு குளிர்ந்தது? ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்து எதைச் செய்தேன்? இரண்டாம் கேள்விக்கு வந்த பதில்களைப் பார்த்துத்தான் வீட்டில் பல செலவுகள் நின்றன. வருடா வருடம் புதுத் திரைச்சீலை, முகம்கூட ஞாபகமில்லாதவர்களுக்கு கேக் டப்பா, கடன் வாங்கி எடுக்கும் பட்டு. அச்சுமுறுக்கு மட்டும் அந்த நோட்டில் ஒருநாளும் வந்ததில்லை. அது எங்களுக்கு ஆசை.

அச்சுமுறுக்கைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். அரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, எள். அச்சை எண்ணெயில் நன்றாகக் காய வைத்து, மாவில் முக்கால் பாகம்தான் முக்க வேண்டும். முழுக்க முக்கினால் மாவு மேலே மூடிக்கொள்ளும், முறுக்கு அச்சை விட்டு வராது. அச்சு சூடு குறைந்தால் மாவு ஒட்டாது, கூடினால் மாவிலேயே வெந்துவிடும். கவனம் துளி பிசகக் கூடாத வேலை. அதனாலேயே மனசு வேறெங்கும் போகாது. ஒருத்தி மட்டும் இரவு இரண்டு மணி வரை தனியாக நின்று சுட்டால் அதே வேலை தண்டனை. எங்கள் வீட்டில் இப்போது அச்சு பிடிப்பது என் கணவர், எண்ணெயிலிருந்து எடுத்து அடுக்குவது மகன்.

கேரல் ரவுண்ட்ஸிலும் இதே அக்கறை வேண்டும். வாலிபர்கள் டிரம் அடித்து, கிறிஸ்துமஸ் தாத்தாவோடு வீடு வீடாக வருவது எங்கள் ஊர் டிசம்பரின் உயிர். ஆனால் நடுராத்திரி தாண்டி ஒரு மணிக்கு வந்தால், கைக்குழந்தைக்காரியும் பிரஷர் மாத்திரை போட்ட பெரியவரும் டீ போட்டு விழித்திருக்க வேண்டியிருக்கிறது. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. பத்து மணிக்குள் முடிக்கிற மாதிரி தெருக்களைப் பிரித்துக்கொண்டு போனால் பாட்டுக்கு ஒரு குறைவும் வராது.

தென் மாவட்டங்களில் டிசம்பருக்கு இன்னொரு முகம் உண்டு. 2004-இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், குளச்சலையும் கொட்டில்பாட்டையும் மணக்குடியையும் கடல் வாரிக்கொண்டு போனது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது; தாமிரபரணிக் கரையில் பண்டிகைத் துணியும் பலகாரமும் வெள்ளத்தில் போன வீடுகள் ஏராளம். இழப்பின் நாளும் கொண்டாட்டத்தின் நாளும் இங்கே அடுத்தடுத்து நிற்கின்றன.

சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் நட்சத்திரம் கட்ட மாட்டார்கள், எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. அக்கம்பக்கத்தார் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். நல்ல வழக்கம். ஆனால் 25-ஆம் தேதி அவசரத்தில் தட்டை நீட்டிவிட்டுத் திரும்புகிறோம். அட்வெந்திலேயே ஒரு சாயங்காலம் வெறுங்கையோடு போய் உட்காருவது அதைவிட நல்லது. அப்படிப் போன ஒரு வீட்டில் அந்த அக்கா முதலில் ஒன்றும் பேசவில்லை. தெருவில் பல்பு எரிய ஆரம்பித்ததும், "அவுக இருந்தா இந்நேரம் நட்சத்திரத்துக்கு ஒயர் இழுத்துக்கிட்டு நிப்பாக" என்றார். அதன் பிறகு அவர் பேசிக்கொண்டே இருந்தார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது எங்கள் வீட்டில் பெரிய வேலைகள் பண்டிகைக்குப் பின்னால் போய்விட்டன. முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுத்துத் திரிக்க வேண்டும், தேங்காய் வறுக்க வேண்டும், பாகு சூடாக இருக்கும்போதே கை பொறுக்க உருட்ட வேண்டும். பல கைகள் கூடினால்தான் நடக்கும். அதை 27-ஆம் தேதிக்கு மாற்றலாம் என்றபோது நாத்தனார் பதறிவிட்டாள். "மதினி, கிறிஸ்துமஸுக்குக் கொத்து இல்லாம எப்படி?"

"அதான் அச்சுமுறுக்கு இருக்குல்லா. லீவுல பிள்ளைகளோட சேர்ந்து உருட்டுவோம். ஆறாம் தேதி வரைக்கும் கிறிஸ்துமஸ்தானே?"

போன முறை அந்தக் கொத்தை எடுத்துக்கொண்டு நாகர்கோவில் சித்தி வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தது புத்தாண்டு கழிந்த பிறகு. பிந்தி வந்ததற்குச் சித்தி கோபித்துக்கொள்ளவில்லை. பண்டிகையன்று வந்த கூட்டத்தில் யாரிடமும் உட்கார்ந்து பேச முடியாமல் போன கதைகளை எல்லாம் சாயங்காலம் வரை எங்களிடம் சொல்லித் தீர்த்தார்.