கடைசி நாளில் 'லைசென்ஸ் இல்லை' என்கிறதா ஆபீஸ் சர்வர்? வீட்டிலிருந்தே என்ன செய்யலாம்?

பாபநாசத்தில் பஸ் ஏறினால் விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், சேரன்மகாதேவி எல்லாம் தாண்டித்தான் நெல்லைக்குப் போய்ச்சேர முடியும். அந்த அலைச்சலை மிச்சப்படுத்துவதுதான் ரிமோட் டெஸ்க்டாப் வசதி. ஆபீஸ் சர்வரை வீட்டு லேப்டாப்பிலேயே திறந்து கணக்கு எழுதிவிடலாம்.

ஆனால், மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்பவர்களுக்கு 20-ம் தேதி கெடு. அன்றைக்குப் பார்த்து, 'லைசென்ஸ் சர்வர் கிடைக்கவில்லை' என்று திரையில் வந்தால்? வரி கட்ட வேண்டியிருப்பவர்களுக்கு, தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய் கட்டணம். வரி பாக்கிக்கு ஆண்டுக்கு 18 சதவிகித வட்டி வேறு!

நெட்டைத் திட்டாதீர்கள்

மலையடிவாரம், மழை என்று உடனே நெட் மீது சந்தேகம் வரும். லைசென்ஸ் பற்றிய செய்தி வருகிறது என்றால், பெரும்பாலும் சர்வர் வரை இணைப்பு போய்விட்டது என்றே அர்த்தம். முதலில் சக ஊழியருக்கு ஒரு போன் போடுங்கள். பிரச்னை உங்களுக்கு மட்டுமா, எல்லோருக்குமா?

உங்களுக்கு மட்டும் என்றால்...

சர்வர் கொடுக்கும் அனுமதிச் சீட்டு உங்கள் கம்ப்யூட்டரிலேயே பதிவாகிறது. அது பழுதானாலோ, புதுப்பிக்க முடியாமல் காலாவதியானாலோ கதவு திறக்காது.

1. ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, ஹெச்கீ லோக்கல் மெஷின் > சாஃப்ட்வேர் > மைக்ரோசாஃப்ட் > எம்எஸ்லைசென்ஸிங் என்ற இடத்துக்குச் செல்லுங்கள்.

2. அதை 'எக்ஸ்போர்ட்' செய்து பத்திரப்படுத்திய பிறகு, எம்எஸ்லைசென்ஸிங்கை மட்டும் நீக்குங்கள். வேறு எதிலும் கை வைக்காதீர்கள்.

3. ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷனை ரைட் கிளிக் செய்து, 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' மூலம் ஒருமுறை திறந்து இணையுங்கள். புதுச் சீட்டு பதிவாகிவிடும். சாதாரணமாகத் திறந்தால் அதை எழுத அனுமதி இருக்காது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

எல்லோருக்கும் என்றால்...

கோளாறு ஆபீஸில்! ரிமோட் டெஸ்க்டாப் சேவையை நிறுவியதும், லைசென்ஸ் இல்லாமலே 120 நாள்கள் ஓடும். புது சர்வர் வாங்கி நான்கு மாதங்களில் நின்றுபோனால், முதல் சந்தேகம் இதன் மீதுதான். லைசென்ஸ் வாங்கியிருந்தும் சர்வரில் அதைக் காட்டாமல் விட்டிருக்கலாம். சர்வரில் உள்ள 'லைசென்ஸிங் டயக்னோசர்' காரணத்தைச் சொல்லிவிடும். அதுவரை, நிர்வாக வேலைக்கென அனுமதிக்கப்பட்ட 2 இணைப்புகள் வழியாக அட்மின் உள்ளே போய்ச் சரிசெய்யலாம்.

லைசென்ஸில் 'டிவைஸ்', 'யூஸர்' என இரண்டு வகை உண்டு. ஒரே ஆள் ஆபீஸ் கம்ப்யூட்டர், வீட்டு லேப்டாப் இரண்டிலும் வேலை பார்த்தால் டிவைஸ் கணக்கில் 2 செலவாகும். யூஸர் கணக்கில் 1 போதும்.

அவசரத்தில் ஏமாறாதீர்கள்

120 நாள் கெடுவை மறுபடி ஓடவைக்கும் குறுக்குவழிகள் லைசென்ஸ் விதிமீறல். 'சரிசெய்து தருகிறேன்' என்று போனில் வரும் முகம் தெரியாதவர்களிடம் கம்ப்யூட்டரை ஒப்படைப்பது அதைவிட ஆபத்து. கணக்கோடு வங்கிப் பணமும் போய்விடும். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 20-ம் தேதி வரை காத்திருக்காமல் 15-ம் தேதியே ஒருமுறை சர்வருக்குள் போய்ப் பார்த்துவிடுங்கள். கோளாறு இருந்தாலும் சரிசெய்ய ஐந்து நாள் கையில் இருக்கும்!