டிராக்டர் எஞ்சின்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

டிராக்டர் எஞ்சின் நின்றுபோனதும் வேறு எஞ்சின் வாங்க விவசாயிகள் அவசரப்படக் கூடாது. முதலில் பழைய எஞ்சினைப் பிரித்து, அளந்து பார்க்கச் செய்ய வேண்டும்.

நீலப் புகை, ஆயில் குறைதல், இழுவைக் குறைவு ஆகியவை பெரும்பாலும் பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்ததையே காட்டும். இவற்றைப் புதிதாகப் போட்டால் எஞ்சின் மீண்டும் நன்கு உழைக்கும்.

கிராங்க் ஷாப்ட் தேய்ந்திருந்தால் கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற பேரிங் போடலாம். பல எஞ்சின்களுக்கு 0.25, 0.50, 0.75 மி.மீ. குறைந்த அளவுகளில் பேரிங் கிடைக்கும். முன்பே கடைசி அளவுவரை கிரைண்டிங் செய்திருந்தால் வேறு ஷாப்ட் தேவை.

கனெக்டிங் ராடு முறிந்து பிளாக் உடைந்திருந்தாலோ, பேரிங் அமரும் இடத்தில் விரிசல் கண்டிருந்தாலோ எஞ்சினை மாற்றுவதே நலம். பழைய எஞ்சின் வாங்குவோர் அதையும் பிரித்து அளந்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் புதிய எஞ்சின் எண்ணைப் பதிவு செய்வதும் அவசியம்.

எந்த வழியானாலும் செலவுப் பட்டியலை முன்னதாக எழுதி வாங்க வேண்டும். எஞ்சின் கெட்டதன் காரணத்தையும் கண்டறிய வேண்டும். ஏர் கிளீனர் வழியே தூசி புகுந்ததா, ரேடியேட்டரில் தண்ணீர் வற்றியதா, ஆயில் உரிய காலத்தில் மாற்றப்படவில்லையா என்று பார்க்க வேண்டும். அக்குறையைச் சரிசெய்யாவிட்டால் புது எஞ்சினும் விரைவில் கெட்டுவிடும்.