மன்னார்ப் பொடியனுக்கு எத்தனை புள்ளி?

புட்போல் மனேஜர் விளையாட்டில் பந்தை நாங்கள் உதைப்பதில்லை. ஒரு கழகத்தின் முகாமையாளராகி ஆள் எடுக்கிறோம், பயிற்சி ஒழுங்கு செய்கிறோம், பதினொருவரைத் தெரிகிறோம். ஆட்டத்தைக் கணினி ஆடிக் காட்டும். உதைபந்தாட்டம் என்றால் உயிரை விடும் மன்னார்த் தீவில், ஓலைத்தொடுவாயில் இருந்துகொண்டு இதை ஆடத் தொடங்கிய எனக்கு, கிண்ணம் வெல்வதைவிட அந்த இயந்திரம் ஓர் ஆட்டக்காரனை எப்படி அளக்கிறது என்பதே பெரிய விடயமாகிவிட்டது.

இங்கிலாந்தின் போல், ஒலிவர் கொலியர் சகோதரர்கள் உருவாக்க, 1992இல் சாம்பியன்ஷிப் மனேஜர் என்ற பெயரில் வெளிவந்தது இது. வெளியீட்டு நிறுவனத்தை விட்டுப் பிரிந்தபின், 2004இலிருந்து புட்போல் மனேஜர்.

வேகம், பந்துக் கடத்தல், கோல் அடிக்கும் திறன், நிதானம் என ஒவ்வொரு குணத்துக்கும் 1 முதல் 20 வரை புள்ளி உண்டு. கோல்காப்பாளர் மட்டும் எதிரே நிற்க, முன்கள வீரன் தனியே பந்தோடு போகிறான் என்று வையுங்கள். கோல் அடிக்கும் திறன் 16, நிதானம் 6. காலில் வித்தை இருக்கிறது. ஆனால் அந்தக் கணத்தில் அவசரப்பட்டு உதைக்கும் வாய்ப்பு கூடிவிடுகிறது. இப்படி ஒவ்வொரு அசைவுக்கும் புள்ளிகளை நிறுத்துப் பார்த்து, அதிர்ஷ்டத்துக்கும் ஒரு பங்கு விட்டு, கணினி முடிவெடுக்கிறது. அதனால்தான் அதே அணிகளை அதே ஆட்டத்தில் திரும்ப இறக்கினாலும் முடிவு மாறுகிறது.

இந்தப் புள்ளிகளை இடுபவர்கள் மனிதர்கள். உலகெங்கும் கழகங்களைக் கூர்ந்து பார்ப்பவர்கள் அனுப்பும் மதிப்பீடுகளே அடித்தளம். 2008இல் இங்கிலாந்தின் எவர்ட்டன் கழகமே ஆள் தேட இந்தத் தரவைப் பயன்படுத்த உடன்பட்டது. ஆட்டக்காரரின் இரண்டாவது நாட்டுரிமையும் அதில் பதிவாகும். சுவீடனில் பிறந்த ஆதவன் ராஜமோகன் போன்றவர்கள் இன்று இலங்கை அணிக்கு ஆடுகிறார்கள். அவர்களைப் போல ஐரோப்பியக் கழகங்களில் ஆடுபவர்களைப் பார்த்துக் குறித்துக்கொள்ள ஆளிருக்கிறது. எங்கள் மைதானத்தில் யார் குறிப்பது?

விளையாட்டோடு தரப்படும் லீக்குகளில் இலங்கை இல்லை. ஆனால் கூடவே ஒரு திருத்துகருவி வருகிறது; அதில் கழகம், மைதானம், ஆட்டக்காரர் எல்லாம் நாங்களே சேர்க்கலாம். மன்னாருக்கு ஒரு கழகம் செய்தேன். ஊரே அஞ்சும் இடப்பக்க ஓட்டக்காரனுக்கு எத்தனை புள்ளி? 20 என்பது உலகத்தில் ஆகச் சிறந்தவர்களுக்கு உரியது. அவனுடைய மொத்தத் திறனையும் 200க்கு ஒரு எண்ணாகச் சொல்ல வேண்டும். அதை மீறித் தனிப்புள்ளிகளை அள்ளிக் கொடுத்தால் கணினியே குறைத்துவிடும். கை கூசத்தான் செய்தது.

ஆனால் மன உறுதி என்ற புள்ளி மொத்தத் திறனின் கணக்கில் சேராது. அதற்கு 18 போட்டேன், முழு மனதோடு.

எதிர்கால வளர்ச்சிக்கு இன்னொரு எண். எதிர்காலம் தெளிவில்லாத இளையவர்களுக்கு எதிர்மறை எண் இடலாம்: -10 என்றால் 170க்கும் 200க்கும் இடையில், ஒவ்வொரு புது ஆட்டத்திலும் கணினி ஒன்றைப் பொறுக்கும். சிறிய எதிர்மறை எண் என்றால் கீழான ஓர் எல்லை. என் பதினாறு வயதுக் கோல்காப்பாளனுக்கு அப்படியொன்றையே இட்டேன். ஒரு ஆட்டத்தில் இருபது வயதில் கழகத்தின் முதல் தெரிவு. அடுத்ததில் அதே பொடியன், அதே பயிற்சி, மாற்று ஆட்டக்காரர் வாங்கிலேயே இருக்கிறான்.