பூந்தொட்டி வைக்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

“ரிடையர் ஆயிட்டேன் டாக்டர். பொழுதே போகலை, சும்மா உட்கார்ந்தா எரிச்சல்தான் வருது” என்றார் ஒருவர். பேங்க்கில் வேலை பார்த்தவர், பி.பி. உண்டு. “மாத்திரையை நிறுத்தாதீங்க. கூடவே பால்கனியில் நாலு பூச்செடி வையுங்க” என்று சொல்லி அனுப்பினேன். காலையில் அரை மணி நேரம் குனிந்து நிமிர்ந்து மண்ணைக் கிளறினால் உடம்புக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது.

ஒரு மாதம் கழித்து வந்தவர் முகத்தில் களையே இல்லை. நர்சரியில் எட்டு ரோஜா வாங்கி வைத்தாராம், எட்டும் போச்சு. எப்படித் தண்ணீர் ஊற்றினீங்க என்று கேட்டேன். “காலையில ஒரு சொம்பு, சாயந்திரம் ஒரு சொம்பு!” பால்கனியிலோ இரண்டு மணி நேரம்கூட வெயில் இல்லை.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் செடியைத் தவிக்க விட்டுக் கொல்வதைவிட, தண்ணீர் ஊற்றிக் கொல்வதுதான் அதிகம். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். தொட்டியின் அடி ஓட்டையை உடைந்த ஓட்டுத் துண்டால் லேசாக மூடி, செம்மண், மணல், நன்றாக மக்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து போடுங்கள். வெயில் நாலைந்து மணி நேரமாவது விழ வேண்டும். முதல் செடியாக ரோஜா வேண்டாம் என்பது என் கட்சி. பூச்சி, நோய், கவாத்து என்று அது கொஞ்சம் செல்லம் கேட்கும்.

நாட்டுச் செம்பருத்தி வையுங்கள். பென்சில் கனத்தில் ஒரு குச்சியை நட்டாலே பிடித்துக்கொள்ளும். மாவுப்பூச்சி வந்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து சாயந்திரத்தில் தெளியுங்கள். அடுத்தது குண்டு மல்லி. மார்கழி, தை மாதங்களில் கிளைகளை வெட்டி விட்டால் பங்குனி முதல் பூத்துத் தள்ளும். வெட்ட மனசு வராதவர்கள் வீட்டில் வெறும் இலைதான்! வெயில் கொளுத்தும் மொட்டை மாடி என்றால் டேபிள் ரோஸ் போதும். பார்த்தீனியச் செடி பட்டால் தோல் அரிப்பவர்களுக்குச் சாமந்தியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், பார்த்து வாங்குங்கள்.

விஷயம் இதோடு முடியவில்லை. ரோஜா போன கோபத்தில் அந்த நண்பர், “சாகாத செடியா கொடுப்பா” என்று கேட்டு செவ்வரளி வாங்கி வைத்துவிட்டார். வீட்டில் இரண்டு வயதுப் பேரன். ஒருநாள் அவர் மகள் பதறிப் போய் போன் செய்தாள். “குழந்தை அரளி இலையை மென்னுட்டான் டாக்டர். அம்மா உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாங்கறாங்க, உங்ககிட்ட தூக்கிட்டு வரட்டுமா?”

“உப்புத் தண்ணி வேண்டாம்மா. வாயில இருக்கிறதை வழிச்சு எடு, வாயைக் கழுவி விடு. என்கிட்ட வராதே, நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. அந்த இலையையும் கையில எடுத்துக்கோ” என்றேன்.

அரளியின் இலை, பூ, வேர் எல்லாமே நஞ்சு. மஞ்சள் பூ பூக்கும் தங்க அரளியும் அப்படியே, அதன் கொட்டை இன்னும் பொல்லாதது. வாந்தி, மயக்கம் வரும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். சில மணி நேரம் கழித்தும் ஆரம்பிக்கலாம் என்பதால், குழந்தை சிரித்து விளையாடுகிறதே என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது. ஈ.சி.ஜி. பார்த்துக்கொண்டே வைத்தியம் செய்யும் இடம்தான் சரி. வண்டி இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். நான் சித்த வைத்தியன், இருந்தாலும் சொல்கிறேன், இதற்குக் கைவைத்தியம் கிடையாது.

பேரன் மறுநாள் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தான். ஆனால் எனக்குத்தான் உறுத்தல். செடி வையுங்க என்றேனே தவிர, எதை வைக்கக் கூடாது என்று சொல்லவில்லையே! அதனால் இப்போது கேட்காமலே சொல்லிவிடுகிறேன். தவழும், நடக்கும் குழந்தை உள்ள வீட்டில் அரளி, ஊமத்தை, செங்காந்தள் மூன்றும் வேண்டாம்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருக்கிறீர்களா? அதில் தேங்கும் தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும். கொட்டினால் மட்டும் போதாது, முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்தும் உயிரோடு இருக்கும். வாரம் ஒரு தடவை தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள்.

நண்பர் வீட்டில் இப்போது மூன்று தொட்டி செம்பருத்தி. தண்ணீர் ஊற்றுவது பேரன் வேலையாம். விரலை விட்டுப் பார்க்கக் கற்றுக் கொடுத்தீங்களா என்று கேட்டிருக்கிறேன்.